ஒரே பயணச்சீட்டு, இரு வேறு நீதி

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செல்பவர்களில் பலர் வளைகுடா நாடு ஒன்றில் இறங்கி, வேறு விமானம் ஏறித்தான் போகிறார்கள். பெரும்பாலும் அது அயல்நாட்டு நிறுவனத்தின் விமானம். பெரும்பாலும் எகானமி எனப்படும் சிக்கன வகுப்பு. மகளின் பேறுகாலத்துக்கு உதவப் போகும் தாய்மார்கள், முதல் முறையாகக் கடல் கடக்கும் மாணவர்கள், பேரக் குழந்தைகளைப் பார்க்கச் செல்லும் முதியவர்கள் ஆகியோரே அந்த வரிசைகளை நிறைக்கிறார்கள். கால் நீட்ட இடமில்லை, சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று திரும்பி வந்து அனைவரும் சொல்கிறோம். விமானம் தாமதமாகி, பாதி வழியில் நின்றுவிட்டால் நமக்கு என்ன உரிமை உண்டு என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. முதல் வகைக் குறைகளுக்குக் காரணம் இயற்பியலும் விலையும். இரண்டாவது, சட்டத்தில் உள்ள குறை.

அயல்நாட்டு விமானத்தில் நாம் ஏன் போகிறோம் என்பதிலிருந்தே தொடங்கலாம். 1944-ஆம் ஆண்டு சிகாகோவில் கூடிய நாடுகள், ஒரு நாட்டின் வான்வெளி அந்த நாட்டுக்கே உரியது என்று ஒப்புக்கொண்டன. எனவே, எந்த அயல்நாட்டு விமானமும் இன்னொரு நாட்டின் அனுமதி பெற்றுத்தான் அங்கு இறங்கிப் பயணிகளை ஏற்ற முடியும். வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த நகரங்கள் என்பதெல்லாம் இரு நாட்டு ஒப்பந்தங்களால் முடிவாகின்றன. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66 ஆயிரம் இருக்கைகள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. இந்த இருக்கைகளில் அமர்பவர்கள் எல்லாரும் துபாயைப் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். ஒரு நாட்டிலிருந்து பயணிகளைத் தன் ஊருக்கு அழைத்து வந்து, அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்குக் கொண்டு செல்வதை விமானத் துறையில் 'ஆறாவது சுதந்திரம்' என்கிறார்கள். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே அமைந்த நிலவியல் வளைகுடா நாடுகளுக்கு இதில் பெரிய மூலதனம். நமக்கும் இதில் ஆதாயம் உண்டு: கட்டணம் குறைவு, போய்ச் சேரும் நகரங்கள் அதிகம். ஆனால், ஒரு பயணம் இரண்டு விமானங்களாகப் பிரியும்போது, முதலாவது தாமதமானால் இரண்டாவது கைநழுவும் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

எகானமி வகுப்பு பிறந்த கதையும் சுவையானது. 1952-இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் குறைந்த கட்டணத்தில் 'சுற்றுலா வகுப்பு' வந்தது. 1958-இல் அதைவிடவும் மலிவாக எகானமி வகுப்பு வந்தது. அக்காலத்தில் கட்டணங்களை விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமே நிர்ணயித்தது. எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்பதால், நிறுவனங்கள் உணவில் போட்டியிடத் தொடங்கின. மலிவு வகுப்பில் எளிய சாண்ட்விச் மட்டுமே தர வேண்டும் என்று விதி வகுத்தார்கள். ஸ்காண்டிநேவிய நிறுவனமோ ரொட்டித் துண்டின் மேல் இறைச்சியும் மீனும் பாலாடைக்கட்டியுமாக அடுக்கி, இதுவும் சாண்ட்விச்தான் என்றது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் புகார் செய்தது. 'சாண்ட்விச் போர்' என்றே அது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மலிவு வகுப்புப் பயணிக்கு அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று நிறுவனங்கள் சண்டையிட்டுக்கொண்ட காலமும் இருந்தது என்பதை இன்று நம்புவது கடினம்.

இன்றைய போட்டி கட்டணத்தில். அதன் விளைவை நம் முழங்கால்கள் அறியும். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தொலைவையே இருக்கை இடைவெளியாகக் கணக்கிடுகிறார்கள். முன்பு 34, 35 அங்குலம் இருந்தது; இப்போது நெடுந்தொலைவு விமானங்களில் 31 அல்லது 32 அங்குலம். அகலத்திலும் இதே கதை. போயிங் 777 விமானம் 1995-இல் சேவைக்கு வந்தபோது பல நிறுவனங்கள் எகானமி வகுப்பில் ஒரு வரிசைக்கு ஒன்பது இருக்கைகளே வைத்தன. இன்று அதே அகலமுள்ள விமானத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் பத்து இருக்கைகள் வைக்கின்றன. உடலின் அகலம் மாறவில்லை, இருக்கையின் அகலம் ஓர் அங்குலத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. 90 விநாடிகளில் விமானத்திலிருந்து அனைவரும் வெளியேற முடிய வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. இருக்கைகள் இப்படி நெருங்கினால் அது முடியுமா என்பது அவர்களது வாதம். அதைத் தீவிரமாகப் பரிசீலிக்குமாறு 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விமானத் துறை நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்குமாறு 2018-இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது.

உணவு சப்பென்று இருப்பதற்குச் சமையற்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. 35 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்குள் தரைமட்டத்துக் காற்றழுத்தம் இருப்பதில்லை. ஏறத்தாழ 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருக்கும் அழுத்தமே இருக்கும். உதகமண்டலத்தின் உயரம் சுமார் 7,350 அடி. அதாவது, நாம் பத்து மணி நேரம் உதகையில் உட்கார்ந்திருக்கிறோம், உதகையின் ஈரக்காற்று இல்லாமல். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. மூக்கு வறண்டால் மணம் தெரியாது; மணம் தெரியாவிட்டால் சுவை ஏது? ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் செய்த சோதனையில், உப்பும் இனிப்பும் வானில் மங்கிப்போவது உறுதியானது. தரையில் விரும்பாத தக்காளிச் சாற்றைப் பலர் வானில் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கும் இதுவே காரணம். ஊறுகாய்ப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் நம் பாட்டிமார்கள் ஆய்வு எதையும் படிக்காமலே சரியான முடிவுக்கு வந்தவர்கள்.

உணவைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. பயணச்சீட்டு பதிவு செய்யும்போது 'இந்து உணவு' என்ற பெயரைப் பார்த்து, அது சைவ உணவு என்று எண்ணித் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான அயல்நாட்டு நிறுவனங்களில் அதன் பொருள், மாட்டிறைச்சி இல்லாத உணவு என்பதே. கோழியோ ஆட்டிறைச்சியோ அதில் இருக்கலாம். சைவ உணவு வேண்டுபவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது 'ஆசிய சைவ உணவு'. பொதுவாக அதைப் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாவது பதிவு செய்துவிட வேண்டும். பசியோடு எட்டு மணி நேரம் பயணம் செய்யும் முதியவர்களை இந்தச் சிறு குழப்பத்தால் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உடல்நலம் சார்ந்து இன்னொன்று. நான்கு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் கூறியது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு ஏற்படக்கூடியது என்பதால் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. இருப்பினும், நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டுப் பெறுவதும் இடையிடையே எழுந்து நடப்பதும் நல்லது. ஜன்னலோர இருக்கை குழந்தைகளுக்கு உரியது.

இவையெல்லாம் குறைந்த விலைக்கு நாம் தெரிந்தே ஏற்கும் சிரமங்கள். எனக்கு இவற்றில் பெரிய புகார் இல்லை. என் புகார் வேறு.

அண்மையில் சென்னையிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்றின் விமானத்தில் சென்று திரும்பினேன். போகும்போது சென்னையிலேயே விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. வளைகுடாவில் இறங்கியபோது ஃபிராங்க்ஃபர்ட் விமானம் போய்விட்டிருந்தது. இணைப்பு விமானங்களுக்கான கவுன்ட்டரில் ஏறக்குறைய நூறு பேர் நின்றோம். பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். உயர் வகுப்புப் பயணிகளுக்குத் தனி வரிசை இருந்தது. அடுத்த விமானத்தில் இருந்த காலியிடங்கள் முதலில் அவர்களுக்குப் போயின. எங்களுக்கு உணவுக் கூப்பன் கிடைத்தது. ஒன்பது மணி நேரம் தாமதமாக ஃபிராங்க்ஃபர்ட் போய்ச் சேர்ந்தேன்.

அந்த வரிசையில் எனக்கு முன்னால் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி நின்றார்கள். அந்த அம்மாள் சக்கர நாற்காலியில் இருந்தார். "உடம்புக்கு முடியலையா அம்மா?" என்று கேட்டேன். "நல்லா நடப்பேன் தம்பி. நாற்காலி கேட்டா கூட்டிட்டுப் போக ஆள் வருவாங்கன்னு பையன் சொன்னான். இங்கிலீஷ் தெரியாதுல்ல" என்றார். முதியவர்கள் பலர் சக்கர நாற்காலி கேட்பதைக் குறித்து விமான நிறுவனங்கள் சலித்துக்கொள்வதுண்டு. மொழி தெரியாத நிலையத்தில் வழி கேட்க ஒரு மனிதர் வேண்டும் என்பதே அதற்குப் பின்னால் உள்ள தேவை. அன்று இரவு அந்த நாற்காலியைத் தள்ளி வந்தவர் பணி முடிந்து போய்விட்டார். மாற்று விமானம் மறுநாள் காலையில் என்று கவுன்ட்டரில் சொன்னதை நான்தான் அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். தங்குமிடம் கேட்டுப் பெறலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கு கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கேட்காதவர்கள் நாற்காலியிலேயே தூங்கினார்கள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அதே நிறுவனம், அதே பயணச்சீட்டு. நான்கு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். மறுபடியும் இணைப்பு விமானம் தவறியது. ஏழு மணி நேரம் தாமதமாகச் சென்னை வந்தேன். ஆனால், அங்கே செக்-இன் கவுன்ட்டர் அருகே ஓர் அறிவிப்பு இருந்தது. விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ ரத்தானாலோ, இழப்பீடு பற்றிய உரிமைகளை எழுத்தில் கேட்டுப் பெறலாம் என்று அது சொன்னது. அப்படி அறிவிப்பு வைத்தாக வேண்டும் என்பது அங்கு சட்டம். நான் எழுத்தில் கேட்டேன். தந்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் ஒழுங்குமுறை அது. பயணத் தொலைவைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் விமானம் ரத்தானாலும் ஏற்ற மறுத்தாலும் மட்டுமே இழப்பீடு இருந்தது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் உண்டு என்று 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புயல் போன்ற அசாதாரணச் சூழல் என்றால் கிடையாது. விமானத்தில் வழக்கமாக நேரும் இயந்திரக் கோளாறு அசாதாரணச் சூழல் ஆகாது என்று 2008-இலேயே அந்த நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரே பதிவில் வாங்கிய இணைப்புப் பயணம் முழுவதும் ஒரே பயணமாகக் கொள்ளப்படும். நடுவே ஐரோப்பாவுக்கு வெளியே விமானம் மாறினாலும் அப்படியே. நான் கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. விதியின் எண்ணையும் தீர்ப்புகளையும் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதிய பிறகு 600 யூரோ வந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய அறுபதாயிரம் ரூபாய்.

போகும்போது ஒன்பது மணி நேரம் தாமதமானதற்கு? ஒன்றும் இல்லை. இதற்கான காரணத்தை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஐரோப்பிய விதி இரண்டு வகைப் பயணங்களுக்குப் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால், எந்த நாட்டு நிறுவனமானாலும் பொருந்தும். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றால், ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். போவதும் வருவதும் ஒரே சீட்டுதானே என்று வாதிட முடியாது. மணிலாவிலிருந்து ஜெர்மனிக்குத் திரும்பும் விமானம் ரத்தான ஒரு பயணியின் வழக்கில், போக்கும் வரவும் தனித்தனிப் பயணங்கள் என்று 2008-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏறியபோது நான் அறுபதாயிரம் ரூபாய்க்கு உரிமையுள்ளவன். மீனம்பாக்கத்தில் ஏறியபோது ஒரு கூப்பனுக்கு உரிமையுள்ளவன்.

நம் நாட்டில் விதியே இல்லை என்று சொல்ல முடியாது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளில் தாமதத்துக்கு உணவு உண்டு. நீண்ட தாமதத்துக்கு மாற்று விமானமோ பணத்தைத் திரும்பப் பெறுவதோ உண்டு. சில நேரங்களில் தங்குமிடம் உண்டு. விமானம் ரத்தாவதற்கும், இருக்கை இருந்தும் ஏற்ற மறுப்பதற்கும் இழப்பீடும் உண்டு. தாமதத்துக்கு மட்டும் நிர்ணயித்த பண இழப்பீடு கிடையாது. பயணி இழப்பது நேரம். நம் விதி அவருக்குச் சிற்றுண்டியால் ஈடு செய்கிறது.

இதற்கு மேல் ஒரு பாதுகாப்பு உண்டு. அது பலருக்கும் தெரியாது. 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் இணைந்தது. சர்வதேசப் பயணத்தில் தாமதத்தால் ஏற்படும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு என்று அது கூறுகிறது. நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்று நிரூபித்தால் மட்டுமே நிறுவனம் தப்பலாம். ஆனால், ஐரோப்பிய விதியைப் போல இது நிர்ணயித்த தொகை அன்று. தவறிப்போன ரயில், வீணான விடுதி முன்பதிவு, கைப்பணத்தில் வாங்கிய மருந்து என்று ஒவ்வொன்றையும் ரசீதோடு நிரூபிக்க வேண்டும். எனவே, அத்தகைய நேரங்களில் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பெட்டிகளுக்கும் இதே உடன்படிக்கைதான். பெட்டி வராவிட்டால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார்ப் படிவம் எழுதி எண் வாங்க வேண்டும். சேதமடைந்திருந்தால் பெற்றுக்கொண்ட 7 நாள்களுக்குள், தாமதமாக வந்திருந்தால் 21 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். 21 நாள்களாகியும் வராத பெட்டி தொலைந்ததாகவே கொள்ளப்படும். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு; நம் பணத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கும் மேல். கிலோவுக்கு இவ்வளவுதான் என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால், அது 1929-ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கைக் காலத்துக் கணக்கு.

அயல்நாட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர அந்த நாட்டுக்குப் போக வேண்டுமோ என்ற அச்சமும் தேவையில்லை. பயணத்தின் இறுதி இலக்கு எதுவோ அந்த இடத்து நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரலாம் என்று உடன்படிக்கை கூறுகிறது. சென்னையில் தொடங்கிச் சென்னையில் முடியும் சீட்டுக்கு இறுதி இலக்கு சென்னையே. அயல்நாட்டு விமான நிறுவனங்களுக்கு எதிரான புகாரை விசாரிக்க நுகர்வோர் ஆணையங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2011-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சேரவேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதன் பிறகு உரிமை காலாவதியாகிவிடும்.

ஒரு நிபந்தனை. மேலே சொன்ன இணைப்புப் பாதுகாப்புகள், பயணம் முழுவதும் ஒரே பதிவெண்ணில் இருந்தால் மட்டுமே. சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகிறது என்று சென்னையிலிருந்து வளைகுடா வரை ஒரு சீட்டும், அங்கிருந்து லண்டனுக்கு இன்னொரு சீட்டும் வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாம் நேரத்துக்கு வராத பயணி. பெற்றோருக்கு இணையத்தில் சீட்டு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிர்ணயித்த இழப்பீடு வந்தால் கட்டணம் உயரும் என்று விமான நிறுவனங்கள் சொல்கின்றன. ஓரளவு உயரக்கூடும்தான். ஆனால், தாமதத்தின் செலவு இப்போதும் எங்கோ ஒருவர் தலையில் விழத்தான் செய்கிறது. அந்தத் தலை எகானமி வகுப்புப் பயணியினுடையது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகும் பிரிட்டன் இந்த விதியைக் கைவிடவில்லை. நெடுந்தொலைவுப் பயணத்துக்கு 520 பவுண்டு வரை அங்கு இழப்பீடு உண்டு. கனடா 2019-இல் கொண்டுவந்த விதி இன்னும் ஒருபடி மேல்: அந்நாட்டிலிருந்து செல்லும் விமானங்களுக்கும் அந்நாட்டுக்கு வரும் விமானங்களுக்கும், நிறுவனம் எந்த நாட்டினுடையதானாலும் பொருந்தும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் உள்ள காரணத்தால், பாதுகாப்புக்காக அன்றி, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பெரிய நிறுவனங்கள் ஆயிரம் கனடிய டாலர் தர வேண்டும்.

இந்திய விமான நிலையங்களில் இறங்க அனுமதி வேண்டும், இருக்கை எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று வளைகுடா நாடுகள் நம்மிடம் ஆண்டுதோறும் கேட்கின்றன. கொடுப்பதா மறுப்பதா என்ற விவாதம் நம் நாட்டு நிறுவனங்களின் வருவாயை மையமாகக் கொண்டே நடக்கிறது. அந்தப் பேச்சு மேசையில் பயணியின் பெயரும் இடம்பெறலாம். இந்தியாவில் தொடங்கும் பயணத்துக்கு, இணைப்பு விமானம் உட்பட, தாமதத்துக்கு நிர்ணயித்த இழப்பீட்டை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்களுக்குக் கூடுதல் இருக்கைகள் என்று நிபந்தனை வைக்க அரசுக்கு முழு அதிகாரம் இருக்கிறது. அதுவரை செய்யக்கூடியது செலவில்லாதது: செக்-இன் கவுன்ட்டர்களின் அருகே, பயணிக்கு இன்று உள்ள உரிமைகளையும் புகார் செய்யக் கெடு எத்தனை நாள் என்பதையும் அந்தந்த மாநில மொழியில் எழுதி வைப்பது. சென்னை, திருச்சி, கோவை, மதுரை ஆகிய நான்கு நிலையங்களிலிருந்தும் அயல்நாட்டு விமானங்கள் புறப்படுகின்றன. நான்கிலும் அந்தப் பலகை தமிழில் இருக்க வேண்டும்.